ஓடோமீட்டர் ஒரு லட்சம் தாண்டினவங்க இருக்கீங்களா? (வெயில், மழை, பனி எல்லாம் சேர்த்துத்தான்)

#1 வளவன்_கரூர் | ஜூன் 6, இரவு 10:14

முதல்லயே ஒண்ணு சொல்லிடறேனுங்க. மைலேஜ்னு தலைப்பு போட்டா எல்லாரும் லிட்டருக்கு எத்தனை குடுக்குதுன்னு ஆரம்பிச்சிடுவீங்க. நான் கேக்கறது அது இல்லைங்க. மொத்தமா எத்தனை கிலோமீட்டர் ஓட்டியிருக்கீங்க, அதுதான்.

என்ர 350 சிசி பைக் போன வாரம் ஒரு லட்சம் தொட்டுச்சு. ஏழு வருசம். மணப்பாறை தாண்டி 99,998 வந்ததுல இருந்து ரோட்டைப் பாதி, மீட்டரைப் பாதின்னு பார்த்துட்டே வந்தேன். சரியா மாறும்போது ஓரங்கட்டி போட்டோ எடுக்கோணும்னு நெனப்பு. அந்த நேரம் பார்த்து ரோடு முழுக்க ஆட்டு மந்தை. நெளிஞ்சு வளைஞ்சு வெளிய வந்து பார்த்தா 1,00,001. திரும்பி ஒரு கிலோமீட்டர் பின்னாடி போனாக் குறையுமான்னு ஒரு நிமிசம் யோசிச்சேன்னா பார்த்துக்கங்க.

இந்த லட்சத்துல லடாக் ஒருக்கா, கட்ச் ஒருக்கா, கன்னியாகுமரி எத்தனையோ தடவை. மழையில நனைஞ்சது, அக்னி நட்சத்திரத்துல வெந்தது எல்லாம் உண்டு. இன்னும் ஒரு லட்சம் இதே வண்டியில ஓட்டோணும்னு ஆசை. அதிகம் ஓட்டினவங்க வந்து சொல்லுங்க. வண்டியை எப்படி வெச்சிருக்கீங்க, உடம்பை எப்படி வெச்சிருக்கீங்க?

#2 நெடுஞ்சாலை_நாயகன் | ஜூன் 6, இரவு 11:02

வாழ்த்துகள் ப்ரோ. என்னுது 390. நாலு வருஷத்துல 92 ஆயிரம். அதுல ஒரே நாள்ல ஓட்டின 1,610 கி.மீ. இருக்கு.

தெரியாதவங்களுக்கு: அமெரிக்காவுல அயர்ன் பட் அசோசியேஷன்னு ஒரு அமைப்பு 1984ல இருந்து இருக்கு. 24 மணி நேரத்துக்குள்ள 1,000 மைல் ஓட்டினா சேடில்சோர் 1000 சான்றிதழ். 36 மணி நேரத்துல 1,500 மைல்னா பன்பர்னர். நம்ம கணக்குல 1,000 மைல்னா 1,610 கி.மீ. வகுத்துப் பார்த்தா மணிக்கு 67தான் வருது, ப்பூ இவ்வளவுதானான்னு தோணும். ஆனா பெட்ரோல் போடறது, ஒண்ணுக்குப் போறது, சாப்பிடறது எல்லாமே அந்த 24 மணிக்குள்ள அடக்கம்.

பெங்களூருல விடியக்காலை 2:30க்குக் கிளம்பி, ஹூப்ளி, கோலாப்பூர் வழியாப் போய், புனேயைத் தொடறதுக்கு முன்னாடியே திரும்பிட்டேன். வேகமா ஓட்டினா முடிஞ்சிடும்னு நினைக்கறவன் தோத்துடுவான். பங்க்ல 20 நிமிஷம் வெட்டியா நின்னா, 80ல போயிட்டிருந்தவன் அதை மீட்க 90ல ரெண்டரை மணி நேரத்துக்கு மேல ஓட்டணும். அதனால நிக்கறதைத்தான் குறைக்கணும். பர்ஸ் மேல் பாக்கெட்ல, தண்ணி முதுகுப் பையில குழாயோட. ஒவ்வொரு பெட்ரோல் பில்லும் நேரம், ஊர் பேரோட அச்சாகி வரணும். அதுதான் ஆதாரம்.

#3 சும்மா_வந்தேன் | ஜூன் 6, இரவு 11:20

1,610 கி.மீ. ஓட்டிக் கடைசியா கிளம்பின இடத்துக்கே வந்து சேர்ந்தீங்க. சரியாப் புரிஞ்சுக்கிட்டேனா?

#4 நெடுஞ்சாலை_நாயகன் | ஜூன் 6, இரவு 11:24

சபரிமலைக்குப் போறவனும் வீட்டுக்குத்தான் சார் திரும்பி வரான்.

#5 டீச்சர்_அஞ்செட்டி | ஜூன் 7, காலை 6:05

எனக்கு ஸ்கூட்டர். சிரிக்காதீர்கள். ஓசூரிலிருந்து தேன்கனிக்கோட்டை வழியாக அஞ்செட்டி, தினமும் போக வர நூறு கி.மீ. ஆறு வருடத்தில் 1,22,000. லடாக் எல்லாம் நான் பார்த்ததில்லை, ஆனால் காட்டுச் சாலையில் யானை பார்த்திருக்கிறேன், கணக்கில்லாமல்.

தூரத்திலேயே நிறுத்திவிட வேண்டும். ஹாரன் கூடாது, எஞ்சினை அணைக்கக் கூடாது, போட்டோ எடுக்க இறங்கவே கூடாது. எதிரில் வரும் பேருந்தோ லாரியோ கடந்து போனதும் அதன் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு போகலாம் என்று சிலர் நினைப்பார்கள். முதல் யானை ரோட்டைக் கடந்திருக்கும், குட்டி இன்னும் இந்தப் பக்கம் நிற்கும். நான் காத்திருப்பேன். தாமதத்துக்குத் தலைமையாசிரியரிடம் காரணம் எழுதித் தர வேண்டும். "வழியில் யானை" என்று எழுதியதை இப்போதெல்லாம் அவர் படித்துக்கூடப் பார்ப்பதில்லை.

நெடுந்தூரம் பற்றிப் பேசும் ஆண்களுக்கு ஒரு விஷயம். நிற்பதைக் குறைக்க வேண்டும் என்று நாயகன் சார் எழுதியிருக்கிறார். எங்களுக்கு எங்கே நிற்பது என்பதுதான் பிரச்சினை. நெடுஞ்சாலையில் சுத்தமான கழிப்பறை எந்தெந்த பங்க்கில் இருக்கிறது என்று ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். அது இல்லாத ஊர்களில் தண்ணீர் குடிக்காமலேயே ஓட்டுகிற பெண்கள் நிறையப் பேர். வெயிலில் அது எவ்வளவு ஆபத்து என்று சொல்ல வேண்டியதில்லை.

#6 தாமிரபரணி_ரெப் | ஜூன் 7, இரவு 9:40

எல்லாருக்கும் வணக்கம். நான் ஊர் சுத்திப் பாக்குத ஆள் இல்ல. மருந்து கம்பெனி ரெப், திருநெல்வேலி. 2004ல பையைத் தூக்குனவன், இன்னும் எறக்கல. திங்கள் தூத்துக்குடி, செவ்வாய் தென்காசி, புதன் உள்ளூர், வியாழன் நாகர்கோவில், வெள்ளி திருச்செந்தூர், சனி கோவில்பட்டி. சராசரி போட்டா நாளைக்கு நூறு, நூத்தி அஞ்சு வரும். நாலு வண்டி மாத்தியாச்சு, எல்லாமே 100 சிசி.

மொத்தம் எம்புட்டுன்னு நான் எண்ணுனதில்ல. மீட்டரை நம்பியும் சொல்ல முடியாது. ரெண்டாவது வண்டியில ஸ்பீடோ கேபிள் அறுந்து நாலு மாசம் முள்ளு அசையாமக் கெடந்தது. அந்தப் பத்தாயிரம் எந்தக் கணக்குலயும் வராது. மொத வண்டியில மீட்டர்ல அஞ்சு எலக்கந்தான். 99,999 முடிஞ்சதும் திரும்ப 00000 ஆயிட்டு. அன்னைக்கு நான் பாக்கவே இல்ல. பெட்ரோல் போடுத பையன் பாத்துட்டு, "என்னண்ணே, ஷோரூம்ல இருந்து இப்பதான் எடுத்தியளா?"ன்னான். வண்டி இருந்த கோலத்துக்கு அவனுக்கே சிரிப்பு அடங்கல.

#7 வளவன்_கரூர் | ஜூன் 7, இரவு 9:58

அண்ணாச்சி, நாளைக்கு நூறுன்னா இருவத்தியோரு வருசத்துக்கு ஆறு லட்சம் பக்கம் வருதுங்களே!

#8 தாமிரபரணி_ரெப் | ஜூன் 7, இரவு 10:03

வந்தா வரட்டும் தம்பி. டாக்டர் பத்து மணிக்குப் பாப்பேம்பாரு, ரெண்டு மணிக்குப் பாப்பாரு. ஓட்டுதது ஒரு பங்கு, காத்துக் கெடக்குதது ரெண்டு பங்கு.

#9 பட்டறை_பாய் | ஜூன் 8, காலை 11:30

திண்டுக்கல்ல பட்டறை. லட்சம் தாண்டின வண்டி மாசத்துக்கு நாலஞ்சு பாக்கறேன். வளவன் தம்பிக்குச் சொல்றேன்.

எஞ்சினைப் பத்திக் கவலைப்படாதீங்க. ஆயில் சரியாப் பாத்தா அது பாட்டுக்கு ஓடும். காத்துல ஆறுற எஞ்சின் வேகமா ஓட்டினா ஆயிலைக் குடிக்கும். அதனால மாத்தற நாள் வரைக்கும் காத்திருக்காம ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒருக்கா அளவைப் பாருங்க. சாவு எப்பவும் சின்னச் சாமான்ல இருந்துதான் வரும். வீல் பேரிங், கோன் செட், பிரேக் ஷூ, கிளட்ச் கேபிள். கேபிள் ஒரே நாள்ல அறாது. முதல்ல ஒரு இழை போகும், லிவர் கிட்ட பிசிறு தெரியும். தூரப் பயணம் போறவங்க பழைய கேபிள் ஓரமாவே புதுக் கேபிள் ஒண்ணை இழுத்துக் கட்டி வெச்சிடுங்க. நடுக்காட்டுல அறுந்தா ரெண்டு முனையை மட்டும் மாத்தி மாட்டிக்கலாம், டேங்கைக் கழட்ட வேண்டியதில்ல.

செயின். ஐநூறு கிலோமீட்டருக்கு ஒருக்கா எண்ணெய், மழையில ஓட்டினா அன்னைக்கே. வண்டி சூடா இருக்கும்போது போடுங்க, உள்ள இறங்கும். பெட்ரோல் ஊத்திக் கழுவாதீங்க, ஓ-ரிங் வெச்ச செயின்ல ரப்பர் கெட்டுடும். ரொம்ப டைட்டா வெக்கறதுதான் ரொம்பப் பேர் பண்ற தப்பு. சத்தம் வருதேன்னு இழுத்து முறுக்குவாங்க. ஆள் உக்காந்ததும் அது இன்னும் இறுகி, பேரிங்கையும் சேத்துத் தின்னுடும்.

டயர்ல பக்கவாட்டுல நாலு எண் இருக்கும். 2323ன்னு இருந்தா 2023ல 23ஆவது வாரம் செஞ்சதுன்னு அர்த்தம். கடைக்காரர் பட்டன் (டயர் மேல இருக்கற மேடு பள்ளம்) நல்லா இருக்குன்னு சொல்வார். நீங்க எண்ணைப் பாருங்க. நாலு வழிச் சாலையிலயே ஓட்டறவங்க டயர் நடுவுல மட்டும் தேஞ்சு தட்டையாயிடும். நேரா போகும்போது தெரியாது, வளைவுல சாய்க்கும்போது திடுக்குன்னு விழற மாதிரி இருக்கும்.

#10 யாழ்_ஏ9 | ஜூன் 8, மாலை 4:12

வணக்கம், யாழ்ப்பாணத்தில இருந்து எழுதுறன். வளவன் முதல் வரியில வேண்டாம் எண்டு சொன்ன மைலேஜைத்தான் நான் கதைக்கப் போறன், கோவிக்க வேண்டாம். 2022ல பெற்றோல் தட்டுப்பாடு வந்து, கியூஆர் கோட் காட்டி அளவாப் பெற்றோல் எடுக்கிற முறை தொடங்கேக்க மோட்டச்சைக்கிளுக்குக் கிழமைக்கு (வாரத்துக்கு) 4 லீற்றர்தான் தந்தவை. என்ர சைக்கிள் லீற்றருக்கு 50 ஓடும். கிழமைக்கு 200 கிலோமீற்றர். கொழும்புக்குப் போறதெண்டால் 400. அனுராதபுரத்தோட பெற்றோல் முடிஞ்சிடும். அந்த நேரம் நான் பழகின பழக்கம், இறக்கத்தில அக்சிலேற்றரை விடுறது, 50க்கு மேல போகாதது, இண்டைக்கும் கையை விட்டுப் போகேல்ல. சைக்கிளும் ஒரு பிழையும் இல்லாமல் 1,40,000 தாண்டிட்டுது.

#11 தாமிரபரணி_ரெப் | ஜூன் 8, இரவு 10:20

யாழ்ப்பாணத்து அண்ணன் சொன்னது நூத்துக்கு நூறு. எனக்கும் வேகம் 55தான்.

காத்து பத்தி யாரும் பேசலையே. இங்க ஆனி, ஆடியில ஆரல்வாய்மொழிக் கணவாயில மேகாத்து அடிக்கும் பாருங்க, முப்பந்தல்ல காத்தாடி சும்மாவா நட்டு வெச்சிருக்கான்? நாகர்கோவில் போகும்போது காத்து வலது பக்கம் முன்னால இருந்து தள்ளும். வண்டியைக் கொஞ்சம் வலப்பக்கம் சாச்சே ஓட்டணும், நேர் ரோட்டுல. புதுசா வாரவனுக்கு வண்டியில ஏதோ கோளாறுன்னு தோணும். போகும்போது பயமில்ல. திரும்பும்போதுதான் ஆபத்து. காத்து இப்ப இடது பக்கம். லாரியைத் தாண்டப் போவீங்க, லாரி உங்க இடப்பக்கம் வரும், காத்தை அது மறைச்சுக்கிடும், வண்டி லேசாப் போகும். லாரி மூஞ்சியைத் தாண்டுன அந்த நொடி ஒரு அறை விழும், நேரா நடுத் தடுப்புச் சுவர் பக்கம் கொண்டு போயிரும். அதனால தாண்டும்போதே தோள்பட்டையைத் தளத்தி வெச்சுக்கிட்டு, கைப்பிடியை இறுக்காம, வாங்கப்போற அறைக்குத் தயாரா இருக்கணும். இறுக்கிப் பிடிச்சா ஒடம்பு ஆடுதது எல்லாம் ஹேண்டிலுக்குப் போகும்.

வியாழக்கிழமை ரூட்டு. ஒரு பெட்டியில சாம்பிள், ஒரு பெட்டியில சோறு. ரெண்டு பக்கமும் எடை சமமா இருக்கணும்னு காத்துதான் எனக்குக் கத்துக் குடுத்தது.

#12 டீச்சர்_அஞ்செட்டி | ஜூன் 9, காலை 6:11

இதே மாதிரி மழைக்கும் எழுதுங்கள் சார். எங்கள் பக்கம் ரோட்டில் கேழ்வரகும் கொள்ளும் பரப்பி விடுகிறார்கள். வண்டி ஏறி மிதித்தால் தானியம் பிரியும் என்று. காய்ந்த தாளே வழுக்கும், நனைந்தால் சோப்புதான். போன வருடம் சக்கரத்தில் தாள் சுற்றி விழுந்தேன். ஒரு பாட்டி ஓடி வந்து தூக்கிவிட்டு, "கொள்ளு சிந்திருச்சே கண்ணு" என்றார். சிந்தியது யாரால் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

#13 தாமிரபரணி_ரெப் | ஜூன் 9, இரவு 11:05

டீச்சர், அந்தப் பாட்டி எங்க ஊர்ப் பக்கமும் உண்டு. இங்க நெல்லு.

மழைன்னா மொத பத்து பதினஞ்சு நிமிசம். அதுதான் எமன். ரோட்டுல கெடக்க ஆயிலும் தூசியும் கூழாயி மேல வரும். அதைக் கழுவி விடுத அளவுக்குப் பெய்யுத வரைக்கும் நான் எங்கயாவது ஒதுங்கிருவேன். டீக்கடை, ரைஸ் மில், சுடுகாட்டுக் கொட்டகை, எல்லாத்துலயும் நின்னுருக்கேன். மழை வலுத்த பெறவு எடுத்து ஓட்டுதவன் நான். எல்லாரும் நேர் மாறாச் செய்வாக, தூறும்போது வெரட்டிட்டு, கொட்டும்போது நிப்பாக.

பெறவு ரோட்டுல வெள்ளைக் கோடு, பாலத்து இணைப்புல இருக்க இரும்புப் பட்டை, ரயில் கேட்டு. இதுல எல்லாம் பிரேக் பிடிக்காம, வண்டியைச் சாய்க்காம, தண்டவாளத்தைக் குறுக்க நேராத் தாண்டணும். திருச்செந்தூர் ரோட்டுல மீன் வண்டி போனா பின்னால போகாதீய. அதுல ஒழுகுத தண்ணி மழையை விட வழுக்கும், நாத்தம் வேற, அன்னைக்கு எந்த டாக்டரும் உள்ள விடமாட்டாரு.

உடுப்பு: மேல்கோட் வெலை கூடுனதோ கொறஞ்சதோ, கழுத்து வழியாத் தண்ணி எறங்கும். ஒரு துண்டைக் கழுத்துல சுத்தி அதுக்கு மேல கோட் போடுங்க. காலுறைக்கு மேல பாலித்தீன் கவர், அதுக்கு மேல ஷூ. கைக்குப் பாத்திரம் தேய்க்குத ரப்பர் உறை, பெரிய சைஸ். பாக்க அசிங்கமா இருக்கும், கை மட்டும் நனையாது. பேப்பர் எல்லாம் ரெண்டு கவர்ல.

ஓட்டக்கூடாத மழையும் உண்டு. 2023 டிசம்பர் 17, ஞாயித்துக்கெழமை. காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 செ.மீ. ஸ்ரீவைகுண்டத்துல ரயிலே நின்னு போச்சு. திங்கக்கெழமை எனக்குத் தூத்துக்குடி ரூட்டு. வண்டியை எடுக்கல. அந்த வாரம் முழுக்கவே எடுக்கல. தண்ணிக்கு அடியில ரோடு இருக்குன்னு நாமதான் நினைக்கோம். வடிஞ்ச பெறவு போய்ப் பாத்தேன், நான் தெனமும் போன எடத்துல ரோடே இல்ல, பள்ளம்.

#14 பட்டறை_பாய் | ஜூன் 10, காலை 9:50

அண்ணாச்சி சொன்னதோட ஒண்ணு சேர்த்துக்கறேன். தண்ணில எஞ்சின் நின்னு போச்சுன்னா திரும்பத் திரும்ப செல்ஃப் அடிக்காதீங்க. சிலிண்டர்ல தண்ணி இருந்தா பிஸ்டன் அமுக்க முடியாம கனெக்டிங் ராடு வளைஞ்சிடும். தள்ளிட்டு வந்து பிளக்கைக் கழட்டி, மெதுவா கிக் பண்ணித் தண்ணியை வெளிய தள்ளணும். ஆயில் பால் டீ கலர்ல இருந்தா வண்டியை ஸ்டார்ட்டே பண்ணாம ஆயிலை மாத்தணும். ஃபெஞ்சல் புயல் அப்ப எங்கிட்ட வந்த வண்டிகள்ல பாதி தண்ணியால கெட்டதில்ல, செல்ஃப் அடிச்சே கெட்டது.

#15 நெடுஞ்சாலை_நாயகன் | ஜூன் 10, இரவு 10:30

வெயில் என் டிபார்ட்மெண்ட். போன மே மாசம் 44ஆம் நம்பர் ஹைவேல அடிலாபாத் தாண்டி நாக்பூர் வரைக்கும். வெயில் 45 டிகிரி. எல்லாரும் பண்ற தப்பைத்தான் நானும் பண்ணேன். ஜாக்கெட் ஜிப்பைத் திறந்து விட்டேன், ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கி விட்டேன். உடம்புச் சூடு 37. வெளிக் காத்து அதைவிடச் சூடா இருந்தா அந்தக் காத்து ஆத்தாது, வேக வைக்கும். ஃபேன் வெச்ச அடுப்புக்குள்ள உக்காந்த மாதிரி. வேர்வை வர்றதுக்குள்ள காஞ்சிடும், அதனால வேர்க்கவே இல்லன்னு நினைச்சுப்போம்.

ஒரு தாபாக்காரர்தான் பார்த்துட்டு, என் டி-ஷர்ட்டைத் தண்ணில முக்கிப் போடச் சொன்னார். அதுக்கு மேல ஜாக்கெட்டை மூடி, கை ஓரத்துல மட்டும் கொஞ்சம் திறப்பு. முக்கால் மணி நேரம் குளுகுளுன்னு போச்சு. அடுத்த பங்க்ல திரும்ப முக்கினேன். ஓஆர்எஸ் பாக்கெட் கிடைக்கலன்னா ஒரு லிட்டர் தண்ணில தலைதட்டின டீஸ்பூன் கணக்குல ஆறு சர்க்கரை, அரை உப்பு. டீச்சர் சொன்னது உண்மை. தண்ணி குடிக்காம ஓட்டறது பெருமை இல்ல.

குளிருக்கும் இதே கதைதான், திருப்பிப் போட்டா. 10 டிகிரியில 80ல போனா உடம்புக்கு 4 டிகிரி மாதிரி இருக்கும். ஊட்டில டிசம்பர்ல நனைஞ்சுட்டு ஓட்டினா லடாக்கே வேண்டாம்.

#16 சும்மா_வந்தேன் | ஜூன் 10, இரவு 11:15

நாயகன் சார், உண்மையைச் சொல்லுங்க. அந்த 1,610ல ஒரு தடவையாவது கண் சொக்குச்சா இல்லையா?

#17 நெடுஞ்சாலை_நாயகன் | ஜூன் 10, இரவு 11:19

உங்களுக்கு வேற வேலையே இல்லையா சார். தினமும் வந்து நோண்டறீங்க. வண்டி இருக்கா உங்ககிட்ட?

#18 சும்மா_வந்தேன் | ஜூன் 10, இரவு 11:21

இருந்துச்சு. தம்பி எடுத்துட்டுப் போனான். விடியக்காலை நாலு மணி, விக்கிரவாண்டி பக்கம். ரெஃப்ளெக்டர் இல்லாத கரும்பு டிராக்டர். அதான் கேக்கறேன்.

#19 வளவன்_கரூர் | ஜூன் 11, காலை 7:40

இதைப் படிச்சிட்டு ராத்திரி தூங்கலைங்க. என்ன சொல்றதுன்னே தெரியலை.

#20 நெடுஞ்சாலை_நாயகன் | ஜூன் 11, இரவு 9:55

மன்னிச்சிடுங்க சார். நான் அப்படிப் பேசியிருக்கக்கூடாது.

சொக்குச்சு. பொய் சொல்லல. திரும்பி வரும்போது, தாவணகெரேக்கு முன்னாடி, ராத்திரி பத்து மணி இருக்கும். ஒரு மேம்பாலத்துல ஏறினது ஞாபகம் இருக்கு, இறங்கினது ஞாபகம் இல்ல. 80ல போனா நொடிக்கு 22 மீட்டர். எத்தனை நொடின்னு எனக்குத் தெரியல. அடுத்த பங்க்ல வண்டியை நிறுத்தி, ஹெல்மெட்டோடயே சிமெண்ட் திண்ணையில 25 நிமிஷம் படுத்தேன். நேரம் இருந்ததால முடிச்சேன். இல்லன்னா படுத்திருப்பேனான்னு கேட்டா பதில் இல்ல. இதை இதுவரைக்கும் யார்கிட்டயும் சொன்னதில்ல. சான்றிதழை ஃபிரேம் போட்டு ஹால்ல மாட்டியிருக்கேன்.

#21 தாமிரபரணி_ரெப் | ஜூன் 11, இரவு 10:48

சொன்னியளே தம்பி, அதுவே போதும். 'சும்மா வந்தேன்' அண்ணாச்சி, உங்க தம்பியை நெனச்சு மனசு சங்கடமா இருக்கு.

நான் ராத்திரி ஓட்டுததில்ல. தைரியம் இல்லன்னு வெச்சுக்கிடுங்க. பொழுது சாஞ்சா எந்த ஊர்ல நிக்கேனோ அங்கன தங்கிருவேன், இல்லன்னா வண்டியை டாக்டர் ஆஸ்பத்திரி வாசல்ல போட்டுட்டு பஸ் ஏறிருவேன். கம்பெனி அதுக்குக் காசு தராது. எங்கைக் காசு. இருவத்தியோரு வருசத்துல அது ஒரு வண்டி வெலைக்கு மேல போயிருக்கும்.

#22 வளவன்_கரூர் | ஜூன் 13, இரவு 8:30

மனசைக் கொஞ்சம் மாத்தறதுக்காக ஒரு சேதி. உலகத்துலயே அதிகம் சுத்தினவர்னு கின்னஸ்ல ஏறினவர் அர்ஜென்டினாக்காரர், எமிலியோ ஸ்கோட்டோ. 1985 ஜனவரியில ஹோண்டா கோல்டுவிங்ல கிளம்பி 1995 ஏப்ரல்ல திரும்பினார். 7,35,000 கி.மீ. வண்டிக்குக் கறுப்பு இளவரசின்னு பேர்.

உக்காந்து வகுத்துப் பார்த்தேன். பத்து வருசம் மூணு மாசம். நாளைக்கு இருநூறு கிலோமீட்டர் கூட முழுசா வரலைங்க. நம்ம அண்ணாச்சி நாளைக்கு நூத்தி அஞ்சு, அதுவும் இருவத்தியோரு வருசம், டை கட்டிக்கிட்டு. அண்ணாச்சி, ஆதாரம் ஏதாச்சும் இருக்குங்களா? சந்தேகப்பட்டுக் கேக்கலை. எண்ணிப் பாக்கோணும்னு ஆசை.

#23 தாமிரபரணி_ரெப் | ஜூன் 13, இரவு 10:10

டை கட்டுதத 2011லயே விட்டாச்சு.

ஆதாரம் இருக்கு. நாங்க மாசாமாசம் பயணப்படி ஸ்டேட்மெண்ட் எழுதி அனுப்பணும். தேதி, எங்க இருந்து எங்க, எத்தனை கிலோமீட்டர். 2016 வரைக்கும் கார்பன் வெச்சு எழுதுனது, டிரங்குப் பெட்டியில கெடக்கு. அதுக்குப் பெறவு செல்போன்ல. ஆனா ஒண்ணு. கம்பெனி ஊருக்கு ஊர் இத்தனை கிலோமீட்டர்னு ஒரு சார்ட் வெச்சிருக்கும். மீட்டர்ல 118 ஓடியிருக்கும், சார்ட்ல 104தான். நாலு வழிச் சாலை வந்து, எதிர்ப் பக்கம் போக ரெண்டு கிலோமீட்டர் போய் வளைஞ்சு வரணும்னு ஆன பெறவும் சார்ட் மாறல. வருசா வருசம் மீட்டிங்ல கேப்போம். எழுதிக்கிடுவாக.

மகளுக்கு லீவு. எண்ணச் சொல்லுதேன்.

#24 டீச்சர்_அஞ்செட்டி | ஜூன் 14, காலை 6:02

எண்ணி முடித்ததும் மறக்காமல் எழுதுங்கள். எங்கள் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு கணக்காகப் போடலாம் என்று இருக்கிறேன். பூமியைச் சுற்றி 40,075 கி.மீ. அண்ணாச்சி எத்தனை சுற்று?

#25 தாமிரபரணி_ரெப் | ஜூன் 22, இரவு 9:30

ஒரு வாரம் ஆயிட்டு, மன்னிக்கணும். 2009ல ரெண்டு மாசத்துத் தாளைக் கரையான் அரிச்சிட்டு. 2020ல மூணு மாசம் வண்டியே எடுக்கல. மிச்சம் எல்லாம் சேத்து, சார்ட் கணக்குல 5,83,412.

எண்ணி முடிச்சிட்டு மகள், "அப்பா, இதுல எங்களைக் கூட்டிட்டுப் போனது எம்புட்டு?"ன்னா. எனக்குத் தெரிஞ்சு குத்தாலம் நாலு தடவை, மாமியார் வீடு, திருச்செந்தூர் கந்தசஷ்டி. அவளே உக்காந்து அதையும் கூட்டுனா. மூவாயிரம் கூட வரல. ஸ்டேட்மெண்ட்ல வராத கிலோமீட்டர் அதெல்லாம். அதனால டீச்சர், பதினாலரைச் சுத்துன்னு போட்டுக்கிடுங்க. மூவாயிரத்தையும் சேத்துக்கிடுங்கன்னு மகள் சொல்லுதா.

#26 வளவன்_கரூர் | ஜூன் 22, இரவு 9:44

அண்ணாச்சி, அடுத்த செவ்வாய் நான் லீவு போட்டுட்டு வரேன். உங்க தென்காசி ரூட்டுல பின்னாடியே வர உடுவீங்களா? ஆஸ்பத்திரிக்குள்ள வரமாட்டேன், வெளிய டீக்கடையில இருப்பேன்.

#27 தாமிரபரணி_ரெப் | ஜூன் 22, இரவு 9:50

வாங்க. காலையில எட்டு மணிக்கு வண்ணாரப்பேட்டை. 55தான் போவேன், பின்னால ஹாரன் அடிக்கக் கூடாது.

#28 வளவன்_கரூர் | ஜூலை 2, இரவு 10:25

போயிட்டு வந்துட்டேனுங்க. நிறைய எழுதோணும்னு நெனச்சேன், எழுத உக்காந்தா ஒண்ணும் பெரிசா நடக்கலை. ஆலங்குளம் தாண்டினதும் சாரல். அண்ணாச்சி இண்டிகேட்டர் போட்டு ஒரு ரைஸ் மில் வாசல்ல ஒதுங்கினார். அங்க இருந்தவங்க அவரைப் பார்த்துக் கேள்வியே கேக்கலை, ஒரு ஸ்டூலை நகர்த்திப் போட்டாங்க. அவர் ஸ்டூல் போலிருக்கு. பதினெட்டு நிமிசம். அப்புறம் துண்டு, கோட், பாலித்தீன் கவர், ரப்பர் உறை, எல்லாம் வரிசை மாறாம. கிளம்பறதுக்கு முன்னாடி முன் பிரேக்கை ரெண்டு தடவை அமுக்கிப் பார்த்தார். ஏன்னு கேட்டேன். "தெரியல, எப்பவும் செய்வேன்"னார்.

தென்காசியில மூணு டாக்டர். மூணாவது டாக்டர் பாக்கலை. செங்கோட்டையில பரோட்டா. திரும்பும்போது வெயில். மொத்தம் 121 கி.மீ. என் மீட்டர்ல.

அவர் மீட்டர்ல எவ்வளவுன்னு எட்டிப் பார்த்தேன். முள்ளு அசையலைங்க.

#29 தாமிரபரணி_ரெப் | ஜூலை 2, இரவு 10:41

மூணு வாரமா இப்படித்தான். கேபிள் போயிட்டு. இந்த மாடலுக்கு இப்ப இங்க எந்தக் கடையிலயும் இல்லங்கான். பாய், உங்க பக்கம் கெடைக்குமா?

#30 பட்டறை_பாய் | ஜூலை 3, காலை 9:35

ரெண்டு கிடக்கு அண்ணாச்சி. பழைய கேபிளைக் கழட்டி நீளம் மட்டும் அளந்து சொல்லுங்க. முனை சதுரமா, உருண்டையான்னும் பாருங்க. பஸ் பார்சல்ல போட்டு விடறேன்.